ஐ.நா. கேட் திறந்த கதை

தெற்கு சூடானின் வடக்கில் பென்டியு என்றொரு ஊர். எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் மாநிலத் தலைநகரம். 2015 இறுதியில் ஊருக்குள் இருந்ததைவிட ஊரோரத்து ஐ.நா. ராணுவ முகாமுக்குள்தான் ஜனம் அதிகம். ஒரு லட்சத்துக்கும் மேல். சுற்றிலும் மண்கரை, அகழி, முள்கம்பி, காவல் கோபுரங்கள். உள்ளே வரிசை வரிசையாகத் தார்ப்பாய்க் குடிசைகள், டீக்கடைகள், சந்தை, முடிவெட்டும் கடை, பள்ளிக்கூடம். ஐ.நா. கோப்புகளில் இதற்குப் 'பொதுமக்கள் பாதுகாப்பு இடம்' என்று பெயர். அங்கே குடியிருந்தவர்கள் சுருக்கமாக 'பிஓசி' என்றார்கள். ஒரு கட்டத்தில் நாடு முழுவதும் இப்படிப்பட்ட முகாம்களுக்குள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

எந்த நிபுணர் குழுவும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதல்ல இது. பாதுகாப்பு கவுன்சிலின் எந்தத் தீர்மானமும் இப்படி ஓர் இடத்தைக் கட்டச் சொன்னதில்லை. உயிருக்குத் தப்பி ஓடிவந்து கேட்டுக்கு வெளியே நின்றவர்களால் உண்டானது. பொதுமக்களைக் கொலையிலிருந்து காப்பாற்றுவது ஐ.நா. படையின் வேலை என்று நியூயார்க்கில் எழுதப்பட்டது பிறகுதான். நீலக்கொடி பறக்கும் இடத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்று மக்கள் அதற்கு முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். அந்த நம்பிக்கை முதலில் எப்படி ஏமாந்தது என்பதிலிருந்து இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

(அமைதிப்படை என்று எழுதினால் ஈழத்து வாசகர்களுக்கு 1987-இன் இந்தியப் படைதான் ஞாபகம் வரும். ஆகவே இங்கே நீலத்தொப்பி என்றே சொல்கிறேன்.)

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், கிச்சுக்கிரோ பகுதியில், பாதிரியார்கள் நடத்திவந்த ஒரு தொழில்நுட்பப் பள்ளி. 1994 ஏப்ரலில் அங்கே பெல்ஜியம் நாட்டு நீலத்தொப்பிகள் நூறு பேருக்கும் குறைவாக முகாமிட்டிருந்தார்கள். துட்சி இனத்தவர்மீதான இனப்படுகொலை தொடங்கியதும் சுற்றுவட்டாரத்து மக்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் துட்சிகள், அந்த வளாகத்தில் வந்து ஒண்டினார்கள். வெளியே கத்தியும் கதாயுதமுமாகக் கொலைக்கும்பல் காத்திருந்தது. சிப்பாய்கள் உள்ளே இருந்தவரை அது நெருங்கவில்லை. ஏப்ரல் 11 அன்று வெளிநாட்டவர்களை அழைத்துப்போக பிரெஞ்சு வீரர்கள் வந்தார்கள். அவர்களோடு பெல்ஜியர்களும் மூட்டை கட்டினார்கள். போகாதீர்கள் என்று கெஞ்சிய மக்கள் வண்டிகளுக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டு வழி உண்டாக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைக்கே அந்த மக்கள் நியான்சா என்ற இடத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அங்கே அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

அந்தச் சிப்பாய்களைக் கோழைகள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சுடலாமா கூடாதா என்பதற்கு அவர்களிடம் தெளிவான உத்தரவே கிடையாது. அந்தப் படையின் தலைவர் கனடாவின் ரோமியோ டலேர். 1993 நவம்பரிலேயே படைக்கான விதிமுறைகளை வரைந்து தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தார். அதில் 17-வது பத்தி, இன அடிப்படையிலோ அரசியல் அடிப்படையிலோ குற்றங்கள் நடந்தால் கையில் இருக்கும் எல்லா வழியிலும் அவற்றைத் தடுக்க வேண்டியது படையின் கடமை என்றது. அந்த வரைவுக்கு முறைப்படி ஒப்புதலும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. பின்னால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு கொள்கை, முதலில் நியூயார்க்கில் யாரோ ஒருவர் மேசையில் பதில் போடாத காகிதமாகக் கிடந்தது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு கவுன்சில் அந்தப் படையையே 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. டலேர் அதற்கு மேலும் சில நூறு பேரைத் தக்கவைத்துக்கொண்டு, அமஹோரோ விளையாட்டரங்கத்துக்குள் ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கொலை முடியும்வரை காத்தார். அதே கொடி, அதே தலைமையகம். நீலத்தொப்பி இருந்த இடத்தில் உயிர் தப்பியது, விலகிய இடத்தில் போனது.

அடுத்த ஆண்டு போஸ்னியா. ஸ்ரெப்ரெனிட்சா 1993 முதலே ஐ.நா. அறிவித்த 'பாதுகாப்பான பகுதி'. இத்தகைய பகுதிகளைக் காக்க 34,000 வீரர்கள் வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. கவுன்சில் ஒப்புக்கொண்டது 7,600. தீர்மானத்திலும் தாக்குதலைத் 'தடுக்கும் வகையில்' இருக்கச் சொன்னார்களே தவிர, பகுதியைக் காத்துப் போராடச் சொல்லவில்லை. 1995 ஜூலை 11 அன்று செர்பியப் படை ஊரைப் பிடித்ததும், மக்கள் பொட்டொச்சாரியில் இருந்த டச்சுப் படைமுகாமுக்கு ஓடினார்கள். பழைய பேட்டரித் தொழிற்சாலை அது. டச்சுச் சிப்பாய்கள் வேலியில் ஓர் ஓட்டை வெட்டி ஏறக்குறைய 5,000 பேரை உள்ளே விட்டார்கள். பிறகு இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வெளியே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெயிலில் கிடந்தார்கள். இரண்டு நாள் கழித்து, உள்ளே விட்டவர்களையும் அதே டச்சுக்காரர்கள் வெளியே போகச் சொன்னார்கள். வாசலில் ஆண்களைத் தனியே பிரித்தார்கள் செர்பியர்கள். அந்த ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவைச் சுற்றிக் கொல்லப்பட்ட ஆண்களும் பையன்களும் 8,000 பேர் அளவில்.

ருவாண்டாவைவிட எனக்கு இந்த வேலி ஓட்டைதான் அதிகம் உறுத்துகிறது. திறக்க முடியும் என்று தெரிந்து, திறந்து, பிறகு திறந்ததையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

1999-ல் எல்லாம் ஒன்றாகத் திரண்டது. பிப்ரவரியில் பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தலைமை வகிப்பது கனடாவின் முறை. வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வர்தி, போரில் பொதுமக்களைக் காப்பது என்பதைத் தனிப் பொருளாகவே பாதுகாப்பு கவுன்சிலின் முன் வைத்தார். செப்டம்பர் 17 அன்று அதைப் பற்றிய முதல் தீர்மானம், எண் 1265, நிறைவேறியது. படிக்க அழகான தீர்மானம், யார் கையையும் கட்டாது.

அந்தத் தீர்மானம் நிறைவேறுவதற்கு முந்திய இரண்டு வாரம் கிழக்குத் திமோரின் டிலி நகரில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை வேண்டுமா என்று ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. வாக்கெடுப்பு நடத்தியது. 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். முடிவு வெளியானதும் இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக்குழுக்கள் ஊரைக் கொளுத்தத் தொடங்கின. ஐ.நா. அலுவலக வளாகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள், துப்பாக்கிச் சத்தம் நெருங்கியதும் இடையில் இருந்த மதில்மேல் ஏறினார்கள். மதில்மேல் பிளேடு முள்கம்பி. தாய்மார்கள் குழந்தைகளை அதன் மேலாக அந்தப் பக்கம் எறிந்தார்கள், பிறகு தாங்கள் கிழிபட்டு ஏறி விழுந்தார்கள். கேட்டைத் திறக்கலாமா என்ற விவாதத்துக்கே அவர்கள் இடம் வைக்கவில்லை.

டிலியில் இருந்த ஐ.நா.காரர்கள் படையினரும் அல்லர். வாக்கெடுப்பு நடத்த வந்த அதிகாரிகள், ஆயுதமில்லாத போலீஸார், தொடர்பு அலுவலர்கள். வெளியேறும் முடிவு வந்தபோது அவர்களில் பலர் முரண்டு பிடித்தார்கள். உள்ளே இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கிச்சுக்கிரோ நடந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. தூதுக்குழுத் தலைவர் இயன் மார்ட்டின் வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டார். தங்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்தார்கள். செப்டம்பர் 14 அன்று அந்த மக்களும் விமானத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிஓசிக்கு ஒரு பிறந்தநாள் குறிக்கச் சொன்னால் நான் குறிப்பது அந்த மதில் ஏறிய இரவைத்தான்.

பொதுமக்களைக் காக்கும் கடமை எழுத்தில் வந்தது சியரா லியோனுக்காக. அந்த ஆண்டு ஜனவரியில் புரட்சி ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப் படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து, கொன்றது போக, கைகளை வெட்டியது. ஜூலையில் லோமே நகரில் சமாதான ஒப்பந்தம். கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவுக்குத் துணைக் குடியரசுத் தலைவருக்கு ஈடான அந்தஸ்து, கனிமவளப் பொறுப்பு, எல்லாருக்கும் பொதுமன்னிப்பு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஐ.நா. பிரதிநிதி பிரான்சிஸ் ஒகெலோ, இனப்படுகொலைக்கும் போர்க்குற்றத்துக்கும் இந்த மன்னிப்பு செல்லும் என்று ஐ.நா. ஏற்காது எனத் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினார். அந்த ஒப்பந்தத்தைக் காக்க அக்டோபர் 22 அன்று பாதுகாப்பு கவுன்சில் 6,000 பேர் கொண்ட படையை அனுப்பியது. தீர்மானம் 1270. அதில்தான் முதல்முறையாக ஒரு நீலத்தொப்பிப் படைக்கு, உடனடி வன்முறை ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்று வெளிப்படையாக அதிகாரம் தரப்பட்டது.

ஆனால் வாக்கியம் அதோடு முடியவில்லை. தன் சக்திக்கு உட்பட்டு என்றது. நிலைகொண்டுள்ள பகுதிகளில் என்றது. அந்நாட்டு அரசின் பொறுப்பையும் கணக்கில் கொண்டு என்றது. இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போல, எங்கே பணம் கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக பெரும்பாலான படைகளுக்கு ஏறக்குறைய இதே வாக்கியம்தான் இதே பொடி எழுத்தோடு போகிறது. வாக்கியம் பிறந்த சில வாரங்களிலேயே ஸ்ரெப்ரெனிட்சா பற்றியும் ருவாண்டா பற்றியும் ஐ.நா. தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொண்ட இரண்டு அறிக்கைகள் வந்தன. பக்கம் பக்கமாக நேர்மை. அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

அந்த முதல் படைக்குத் தளபதி ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் விஜய்குமார் ஜெட்லி. 2000 மே மாதம் சங்கோவின் ஆட்கள் ஏறக்குறைய 500 நீலத்தொப்பிகளைச் சிறைபிடித்தார்கள். பொதுமக்களைக் காக்கப் போனவர்களைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது. கைலாஹுன் ஊரில் முற்றுகையில் சிக்கிய இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், பெரும்பாலும் கூர்க்காக்கள், 75 நாள் கழித்து ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' என்ற தாக்குதலால் மீட்கப்பட்டார்கள். ஜெட்லிக்கும் படையிலிருந்த நைஜீரிய அதிகாரிகளுக்கும் பகை முற்றி, இந்தியா தன் வீரர்களையே திரும்ப அழைத்துக்கொண்டது. தீர்மானம் எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம், சாகப் போகிறவர்கள் வேறு கூட்டம் என்ற புகாரை இந்தியா ஐ.நா.வில் பின்னாலும் பலமுறை சொல்லியிருக்கிறது. புகாரில் நியாயம் உண்டு.

2003-ல் காங்கோவின் பூனியா ஊரில் மீண்டும் இதே காட்சி: சில நூறு உருகுவே வீரர்கள், முகாமையும் விமான நிலையத்தையும் சுற்றி ஆயிரக்கணக்கில் மக்கள். பிரான்ஸ் தலைமையில் ஐரோப்பியப் படை வந்து இறங்கிய பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது.

இனி கிளிநொச்சி. வன்னியில் நீலத்தொப்பிகள் கிடையாது. உணவும் கூடாரமும் கொண்டுவந்த ஐ.நா. நிவாரண அமைப்புகள் மட்டும். ஆகவே 1270-இன் வாக்கியம் அங்கே பொருந்தாது. ஆனால் கேட்டுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்த வேறுபாடு எதற்கு? 2008 செப்டம்பரில், உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. கிளம்ப ஆயத்தமானது. மக்கள் அலுவலக வாசலில் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள், வண்டிகளை மறித்தார்கள். நீங்கள் போய்விட்டால் நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். சில நாள்களில் வண்டிகள் போய்விட்டன. உள்ளூர்ப் பணியாளர்கள் பலரும், புலிகள் வெளியேற அனுமதிக்காத அவர்கள் குடும்பங்களும் பின்னால் தங்கினார்கள்.

2009 ஜனவரியில் ஐ.நா.வின் 11-வது வாகனத் தொடர் புதுக்குடியிருப்புக்கு உணவு கொண்டுபோனது. அதில் வந்த சிலர், சிக்கியிருந்த பணியாளர்களை அழைத்துவரத் தங்கிவிட்டு, அரசு அறிவித்த போர் தவிர்ப்பு வலயத்துக்குள் சுதந்திரபுரம் சந்திக்கருகே முகாமிட்டார்கள். நிற்கும் இடத்தின் வரைபடக் குறிப்பை ராணுவத்துக்குத் தெரிவித்தார்கள். ஐ.நா. இருக்கிறதென்று மக்கள் பெருங்கூட்டமாக அவர்களைச் சுற்றி வந்து குடில் போட்டார்கள். ஜனவரி 24 விடியுமுன் ஷெல் விழுந்து, விடிந்தபோது சுற்றிலும் பிணங்கள். 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது; இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றதும் அதே அறிக்கை.

2012 நவம்பரில் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள் ஆய்வுக்குழு, இலங்கையில் ஐ.நா. அமைப்பு முழுவதுமாகத் தோற்றது என்று எழுதியது. அதிலிருந்து பிறந்தது 'மனித உரிமை முதலில்' என்ற பொருளில் அமைந்த புதிய செயல்திட்டம். 2013 இறுதியில் அதை ஐ.நா.வின் துணைப் பொதுச் செயலாளர் யான் எலியாசன் உறுப்பு நாடுகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில் ஜூபா பற்றி எரிந்தது.

தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் டிசம்பர் 15 இரவு அதிபரின் காவல்படைக்குள்ளேயே திங்கா, நுவேர் இன வீரர்கள் மோதிக்கொண்டார்கள். மறுநாள் நுவேர் மக்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர்கள் விமான நிலையத்தை ஒட்டிய டோம்பிங் முகாமுக்கும், ஊரின் மறுபக்கத்து ஐ.நா. தலைமையகத்துக்கும் ஓடினார்கள். கேட் திறந்தது. படைத்தூதுக்குழுவின் தலைவி நார்வேயின் ஹில்டே ஜான்சன். இப்படி மக்கள் வந்தால் என்ன செய்வது என்று அவருடைய அலுவலகம் முன்பே ஒரு வழிகாட்டி எழுதியிருந்தது. ஆனால் சில நாள் தங்கல், சில நூறு பேர் என்ற அளவில்தான் கற்பனை. வந்தவர்கள் பல்லாயிரம். சில நாளிலேயே போர் (அது அங்கே ஓர் ஊரின் பெயர்), பென்டியு, மலக்கால் என்று ஒவ்வொரு முகாமாக நிரம்பியது.

அந்த வேலி உயிர் காத்தது தன் வலிமையால் அல்ல. ஐ.நா. முகாம் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைய மாட்டோம் என்று அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. வேலி என்பது அந்தக் கையெழுத்துதான். அதே அரசின் சிப்பாய்களிடமிருந்துதான் உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்தார்கள் என்பதை நினைத்துப்பார்த்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு நூலிழை என்று புரியும். கிளர்ச்சிக்காரர்களை ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று அரசு கூச்சலிட்டது. ஜனவரியில் தகவல் அமைச்சர் ஆயுதக் காவலர்களோடு போர் முகாமுக்குள் நுழையப் பார்த்தார், விடவில்லை.

சில இடங்களில் நூல் அறுந்தது. டிசம்பர் 19 அன்றே அகோபோ என்ற சிறு முகாமுக்குள் ஆயுதமேந்திய நுவேர் இளைஞர் கூட்டம் புகுந்து, தஞ்சமடைந்திருந்த திங்காக்களையும் அவர்களுக்குக் காவலாக நின்ற இரண்டு இந்திய வீரர்களையும் கொன்றது. 2014 ஏப்ரலில் போர் முகாமில் தாக்குதல். 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள் அரசுப் படையினரே நுழைந்தார்கள். முகாமின் பெரும்பகுதி எரிந்தது, இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். துப்பாக்கி இருந்தும் சுடுவதற்கு எழுத்தில் அனுமதி கேட்ட காவல் பிரிவும் அன்று இருந்ததாக ஐ.நா. விசாரணை கண்டது. 17-வது பத்தி கிடப்பில் கிடந்து இருபத்திரண்டு ஆண்டு கழித்து!

மலக்காலை விதிவிலக்கு என்று தள்ளவும் முடியாது. ஐ.நா.வின் உள்தணிக்கைப் பிரிவு 2014-ல் வெளியிட்ட கணக்கு: முந்தைய நான்கு ஆண்டுகளில் பொதுமக்கள்மீது நடந்ததாகப் பதிவான 507 நிகழ்வுகளில் ஐ.நா. படைகள் உடனே செயல்பட்டது 101-ல். பலப்பிரயோகம் அநேகமாக எதிலும் இல்லை.

வேலிக்குள் வாழ்க்கையும் சொர்க்கமில்லை. 2014 மழையில் பென்டியு முகாமில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். பிள்ளைகளைக் கையில் ஏந்தி நின்றபடியே தூங்கினார்கள் பெற்றோர். அடுப்புக்கு விறகு வேண்டும், விறகு வேலிக்கு வெளியே. ஆண் போனால் கொலை, பெண் போனால் பலாத்காரம் என்ற நிலையில் பெண்கள்தான் போனார்கள். விறகுப் பாதையில் ரோந்து போகலாம் என்று தலைமைக்குத் தோன்றுவதற்குள் எத்தனையோ பெண்கள் சிதைந்தார்கள்.

2020 முதல் ஐ.நா. தன் வீரர்களைப் பின்னிழுத்து, பிஓசிகளை ஒவ்வொன்றாக உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான சாதாரண முகாம்களாக மாற்றி அரசின் பொறுப்பில் விட்டது. மலக்கால் மட்டும் மிஞ்சியது. இனி ஒருமுறை இப்படிக் கேட்டைத் திறப்பதா என்பது ஐ.நா.வுக்குள் ஓயாத சண்டை. திறந்தால் மூட முடியாது, ஆண்டுக்கணக்கில் ஒரு நகரத்தைக் காவல் காக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். சட்டமும் அவர்கள் பக்கம் ஒரு கை கொடுத்திருக்கிறது. 2019-ல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் பொட்டொச்சாரி வழக்கில், முகாமுக்குள் இருந்து வெளியேற்றப்பட்ட 350 ஆண்களின் சாவுக்கு மட்டும், அதுவும் பத்தில் ஒரு பங்கு, டச்சு அரசைப் பொறுப்பாக்கியது. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குப் பொறுப்பில்லை. உள்ளே விட்டவனுக்குத்தான் வழக்கு, விடாதவன் தப்பினான்.

தெற்கு சூடானின் பக்கத்து நாடான சூடானில், டார்ஃபூர் பகுதியில் இருந்த ஐ.நா. படையின் பணி 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அந்தப் படை பல ஆண்டு தலைமையகமாக வைத்திருந்த ஊர் எல் ஃபாஷர். 2023-ல் சூடான் ராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் போர் மூண்டது. 2024 அக்டோபரில், பொதுமக்களைக் காக்க ஐ.நா. படை ஒன்றை அங்கே வெற்றிகரமாக இறக்குவதற்கான சூழல் இல்லை என்று பொதுச் செயலாளர் குட்டெரெஸ் பாதுகாப்பு கவுன்சிலில் சொன்னார். பதினெட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபர் 26 அன்று விரைவு ஆதரவுப் படை எல் ஃபாஷருக்குள் நுழைந்து கொன்று குவித்தது. தப்பியவர்களில் பலர் தவிலா என்ற ஊரை நோக்கி 60 கிலோமீட்டர் நடந்தார்கள். அங்கே இருந்தவை நிவாரண அமைப்புகள் மட்டும்.